கிரயப் பத்திரத்தில் கிடைத்த கொள்ளுப்பாட்டி

எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. யாராவது கணக்குப் பார்க்காமல் செலவு செய்தால், "ரங்கூன்காரர் பெண்டாட்டி நிலத்தை விற்ற மாதிரி" என்பார்கள். அந்த ரங்கூன்காரர் என் தாத்தாவின் அப்பா. நிலத்தை விற்றவர் தாத்தாவின் அம்மா. பர்மாவுக்குப் பிழைக்கப் போன கணவர் அங்கேயே இறந்துவிட, இங்கிருந்த நஞ்சையை விற்றுத் தின்றுவிட்டுப் பிள்ளைகளை நடுத்தெருவில் நிறுத்தினார் என்பது கதை. அவர் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பிறந்த ஊரும் தெரியவில்லை. பெரியப்பாவிடம் கேட்டபோது, "அந்தக் காலத்துப் பெண்கள் பெயரையெல்லாம் யார் எழுதி வைத்தார்கள் தாயி?" என்றார்.

எழுதி வைத்திருந்தார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துப் புத்தகத்தில் அவர் பெயர் இருந்தது. அவருடைய இடது கைப் பெருவிரல் ரேகையும் வீட்டிலிருந்த அசல் பத்திரத்தில் இருந்தது.

நம்மில் பெரும்பாலோருக்குத் தாத்தாவின் அப்பாவுக்கு மேலே பெயர் தெரியாது. தேவாலயப் பதிவேடு வைத்திருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானமும் திருமணமும் நாளோடு கிடைக்கும். மற்றவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. ஜாதக நோட்டுகள் கரையானுக்குப் போயின. பழைய பிறப்புப் பதிவுகளில் பல இடங்களில் குழந்தையின் பெயரே இருக்காது, 'ஆண்' அல்லது 'பெண்' என்பதோடு நின்றுவிடும். ஆனால் ஒரு குழி நிலமாவது கைமாறிய வீடாக இருந்தால், அந்த வீட்டைப் பற்றி அரசாங்கத்திடம் எழுத்து இருக்க வாய்ப்பு உண்டு. பத்திரப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1864-இல் வந்து, 1865 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று நடப்பில் இருப்பது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்றால் பதிந்தே ஆகவேண்டும். பதியும்போது பத்திரம் முழுவதையும் அலுவலகத்தின் முதலாம் புத்தகத்தில் நகல் எடுத்துக்கொண்டார்கள். நம் வீட்டு அசல் வெள்ளத்தில் போயிருந்தாலும், பங்காளி வீட்டுப் பரணில் மாட்டிக்கொண்டு நமக்குக் கிடைக்காமல் இருந்தாலும், அந்த நகல் அங்கே இருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலாம் புத்தகத்தில் உள்ள பத்திரத்தின் நகலைக் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். 57-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. "சொத்து உங்கள் பெயரில் இருக்கிறதா?" என்று கேட்டால் தயங்க வேண்டாம், இல்லையென்றாலும் உரிமை உண்டு. உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகுதான் அவை மற்றவர்களுக்குக் கிடைக்கும். நாம் தேடுகிறவர்களோ காலமாகிப் பல காலம் ஆனவர்கள்.

தேடலை வீட்டு டிரங்குப் பெட்டியில் தொடங்குவதே நல்லது. கிரயம், ஒத்தி, ஈடு, பாகப்பிரிவினை, விடுதலை, தான செட்டில்மென்ட் என்று எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். கிஸ்தி ரசீதையும் தூக்கி எறியாதீர்கள். அதில் பசலி ஆண்டும் (ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு) பட்டா எண்ணும் இருக்கும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1341 என்றால் 1931 ஜூலை முதல் 1932 ஜூன் வரை. பழைய தாள்களை லேமினேட் செய்யக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். தாள் வெந்து போகும், பிறகு பிரிக்கவே முடியாது. நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டு, பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும்.

கையில் ஒரு பத்திரம் கிடைத்துவிட்டால் மேலே ஏற வழி அதற்குள்ளேயே இருக்கும். விற்கிறவருக்கு அந்தச் சொத்து எப்படி வந்தது என்று பெரும்பாலான பத்திரங்கள் சொல்லும்: 'எனக்குப் பிதுரார்ஜிதமாய் (முன்னோர் வழியாய்)ப் பாத்தியப்பட்டதும்', 'என் தகப்பனார் இன்ன தேதியில் இன்னாரிடம் கிரயம் பெற்று அனுபவித்து வந்ததும்', இன்ன அலுவலகம், இன்ன வருடம், இன்ன எண். அந்த எண்ணுக்கு உரியதுதான் தாய்ப்பத்திரம். அதை எடுத்தால் அதற்கும் ஒரு தாய்ப்பத்திரம் இருக்கும். சிலருக்கு இந்த ஏணி 1860-கள் வரை கூடப் போகும்.

பெட்டியில் எதுவும் இல்லையென்றால் வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். 1975-க்குப் பிந்தைய விவரம் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கிறது. அதற்கு முந்தையது அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேடவேண்டியது. அங்கே இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று ஆள் பெயர் வாரியானது, மற்றொன்று சொத்து வாரியானது. நிலம் வாங்குபவர்கள் இரண்டாவதைத்தான் பார்ப்பார்கள். குடும்பத்தைத் தேடுபவர்களுக்குப் பெயர் அட்டவணைதான் உயிர். எந்த அலுவலகம் என்பதையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஊர் இப்போது சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. 1985-க்கு முன் அது இராமநாதபுரம் மாவட்டம். 1910-க்கு முன் அந்த மாவட்டமே கிடையாது, எல்லாம் மதுரை ஜில்லா. ஒரே கண்மாய்க் கரையில் நிற்கும் ஊருக்கு இப்படி மூன்று முகவரிகள்.

இதில் ஜமீன் ஊர்க்காரர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. 1802-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டப்படி நிரந்தரத் தீர்வைக்கு விடப்பட்ட ஜமீன்களில், அரசாங்கமே குடியானவரிடம் நேராக வரி வாங்கிய ரயத்துவாரி ஊர்களைப்போல, அரசாங்கம் புலம் புலமாக அளந்து தீர்வை போடவில்லை. ஜமீனே பட்டா கொடுத்தது, குடியானவர் பதிலுக்கு முச்சலிக்கை என்ற ஒப்புதல் பத்திரம் எழுதிக் கொடுத்தார். 1948-இன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் பெரும்பாலான இடங்களில் ரயத்துவாரிப் பட்டா வந்தது. அதனால் அதற்கு முந்தைய பத்திரங்களில் பல இடங்களில் சர்வே எண்ணே இருக்காது. பதிலுக்கு நிலத்தின் பெயர் இருக்கும். 'பெரிய கண்மாய் நடு மடைப் பாசனத்தில் மூன்று மரக்கால் விதைப்பாடு உள்ள வண்ணான் செய்' என்று எழுதுவார்கள். 'செய்' என்றால் வயல். எத்தனை விதை விதைக்கலாமோ அதுவே அளவு. தேடுகிறவருக்கு இது முதலில் திகைப்பாக இருக்கும். ஆனால் அந்தப் பெயர்களைக் கொண்டுபோய் ஊரில் தண்ணீர் பாய்ச்சிய கிழவர்களிடம் படித்துக் காட்டினால், கையை நீட்டி இடத்தைக் காட்டிவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் ஒரு புலம் அடையாளம் தெரிந்தது.

இனி அந்தப் பத்திரத்துக்கு வருகிறேன். 1933, ஸ்ரீமுக வருடம், ஆனி மாதம். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத் தாள். முன்பக்கத்தைப் படிக்கும் அவசரத்தில் பலர் தாளின் பின்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். முத்திரைத்தாள் விற்றவர் அங்கே தேதி, விலை, வாங்கியவர் பெயர், ஊர் எல்லாம் எழுதியிருப்பார். எங்கள் பத்திரத்தில் தாளை வாங்கியவர் நிலத்தை விற்ற கொள்ளுப்பாட்டி அல்ல, நிலத்தை எழுதி வாங்கிய பங்காளி. பத்திரம் எழுதுவதற்கு ஒன்பது நாள் முன்பே வாங்கி வைத்திருக்கிறார். வாங்குகிறவர் தாள் எடுப்பது வழக்கம்தான். ஆனாலும் அந்த ஒன்பது நாளும் அந்த வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

முன்பக்கத்தில் கொள்ளுப்பாட்டி 'மைனர்கள் இருவருக்கும் தாயாரும் கார்டியனுமான' என்று வருகிறார். பெயரும் வருகிறது. அதை இங்கே எழுதவில்லை, வாங்கியவரின் வழியினர் இன்னும் அதே தெருவில் இருக்கிறார்கள். அது ஓர் அம்மன் பெயர் என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் ஊர் அம்மனின் பெயர் அல்ல. அந்தச் சிறு விஷயம் பிறகு உதவியது.

அடுத்து வந்த பத்திதான் என்னை உட்காரவைத்தது. விலை ரூ.650. 'மேற்படி மைனர்கள் தகப்பனார் 1927-ஆம் வருடம் எழுதிக் கொடுத்திருக்கிற ஒத்தியில் தங்களுக்குச் சேரவேண்டிய வகையில் ரூ.400, ஜமீன் தீர்வை பாக்கி வகையில் ரூ.58, மேற்படியார் ரங்கூனுக்குப் போகிற காலத்தில் கைமாற்றாய் வாங்கின வகையில் ரூ.120, கருமாதி வகையறாச் செலவுக்கு வாங்கின வகையில் ரூ.32, ஆக இவ்வகைகள் போக, மைனர்கள் ஜீவனத்துக்காக இன்று ரொக்கமாய்ப் பெற்றுக்கொண்டது ரூ.40.'

விற்றுத் தின்றார் என்று மூன்று தலைமுறை பேசிய சொத்தில் அவர் கைக்கு வந்தது நாற்பது ரூபாய்.

அதோடு, ஒத்தி என்றால் கடன் கொடுத்தவர் நிலத்தில் இறங்கி உழுது அனுபவிப்பார். 1927-இலேயே அந்த நஞ்சை பங்காளியின் ஏருக்குக் கீழ் போய்விட்டது. கொள்ளுப்பாட்டி விற்ற நிலத்தில் ஆறு வருடமாக அவர்கள் வீட்டு நெல் ஒரு மரக்கால் கூட விளையவில்லை. 1927 ஒத்திப் பத்திரத்தையும் நகல் எடுத்துப் பார்த்தேன். அது கொள்ளுத்தாத்தா விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது எழுதியது. 'தற்காலம் ரங்கூனில் லேவாதேவிக் கடையில் அடுத்தாளாய் இருக்கிற' என்று அவர் தொழில் அதில் இருக்கிறது, அதாவது வட்டிக்கடையில் உதவியாள். காரணம், தங்கையின் கல்யாணம். பிறகு வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் பர்மாவில் நெல் விலை சரிந்ததும், நிலத்தின் மேல் கடன் கொடுத்திருந்த கடைகள் முடங்கியதும் வரலாற்றில் இருக்கிறது. அந்தச் சரிவில் ஓர் அடுத்தாளின் சம்பளம் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு விற்பனைப் பத்திரத்தில் இவ்வளவு கதை ஏன் எழுதினார்கள்? அன்பினால் அல்ல, சட்டம் கேட்டது. மைனர் சொத்தைக் கார்டியன் விற்றால் அது அவசியத்துக்காகவோ சொத்தின் நன்மைக்காகவோ இருக்கவேண்டும். 1856-இல் அனுமான் பிரசாத் பாண்டே வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பு இதற்கு அடிப்படை. அந்த வழக்கிலும் மைனர் மகனுக்காகச் சொத்தை அடமானம் வைத்தவர் ஒரு தாய்தான். கடன் கொடுப்பவரோ வாங்குபவரோ அவசியம் உண்மைதானா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மைனர் வயதுக்கு வந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டுக் கிரயத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். அதனால் வாங்குகிறவர் தன் பாதுகாப்புக்காகச் சாவையும் கல்யாணத்தையும் கடனையும் ரூபாய்க் கணக்கோடு எழுதவைத்தார்.

இதனாலேயே இந்தப் பத்தியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. சட்டத்துக்குப் பொருந்த வேண்டுமென்றே எழுதிய காரணங்கள் உண்டு. இல்லாத கடனை இருப்பதாகக் காட்டுவதும் உண்டு. முத்திரைச் செலவை மிச்சம் பிடிக்க விலையைக் குறைத்துப் போடுவது அன்றும் இருந்தது. ஒவ்வொரு காரணத்துக்கும் வேறொரு சான்று கிடைக்கிறதா என்று பார்க்கவேண்டும். எங்களுக்கு ஒத்திப் பத்திரம் கிடைத்தது, தீர்வை பாக்கிக்கு ஜமீன் நோட்டீஸ் ஒன்று பெட்டியில் இருந்தது. நூற்று இருபது ரூபாய் கைமாற்றுக்கு எந்த எழுத்தும் இல்லை. அதை வாங்கியவரின் கணக்கு என்றே வைத்திருக்கிறேன்.

பிள்ளை இல்லாத விதவைகளின் பத்திரங்கள் வேறு வகையில் பெரும் புதையல். 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் வரும்வரை கணவன் சொத்தில் அவர்களுக்கு ஆயுட்கால அனுபவம்தான். அவர்களுக்குப் பின் சொத்து கணவன் வழிப் பின்வாரிசுகளுக்குப் போகும். எனவே வாங்குபவர்கள் அந்தப் பின்வாரிசுகளையும் சம்மதக் கையெழுத்துப் போடவைத்தார்கள். கொள்ளுத்தாத்தாவின் தம்பி மனைவி 1941-இல் எழுதிய ஒரு பத்திரத்தில் பங்காளிகள் பதினொரு பேர் வரிசையாக, தகப்பன் பெயரோடு, உறவுமுறையோடு கையெழுத்திட்டிருக்கிறார்கள். எங்கள் வம்சாவளியில் பாதியை அந்த ஒரே பக்கத்திலிருந்து எழுதினேன்.

பாத்தியக்காரர்களைப்போலவே எல்லைக்காரர்களையும் பாருங்கள். நான்கு மால் விவரத்தில் 'கிழக்கே இன்னார் நிலம்' என்று வருபவர் பெரும்பாலும் அண்ணனோ சிற்றப்பனோதான். ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த நிலம் பாகமாகும்போதுதான் உடன்பிறந்தவர்கள் அண்டை நிலக்காரர்கள் ஆகிறார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயரில் மூன்று பேர் வரும்போது, யார் எவர் என்று பிரித்தறிய எனக்கு எல்லை விவரமும் கையெழுத்தும்தான் கைகொடுத்தன. எங்கள் 1933 பத்திரத்தில் வடக்கெல்லை 'மைனர்களுக்குப் பாத்தியமாய் நிற்கிற மடைச்செய்' என்று இருக்கிறது. மடையை ஒட்டி, முதல் தண்ணீர் பாய்கிற நிலம். நஞ்சையை இழந்தபோதும் அதை அவர் விடவில்லை. பின்னாளில் தாத்தா பயிரிட்டதும் அப்பாவின் படிப்புக்காக விற்றதும் அந்த மடைச்செய்தான். அது எப்படி நம்மிடம் மிஞ்சியது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதே இல்லை.

பத்திரத்தின் கடைசியில், பதிவு அதிகாரி எழுதும் குறிப்பில் 'இன்னாரென்று நிரூபித்தவர்கள்' என்று இரண்டு பெயர் இருக்கும். விற்க வந்திருப்பவர் இவர்தான் என்று அடையாளம் சொன்னவர்கள். பெண்கள் வந்தால் பெரும்பாலும் நெருங்கிய ஆண் உறவினர் சொல்வார். கொள்ளுப்பாட்டிக்கு அடையாளம் சொன்னவர்களில் ஒருவர் எங்கள் ஊர்க்காரர். மற்றவர் 'மேற்படியாளின் உடன்பிறந்த தம்பி', பக்கத்துத் தாலுகாவில் ஓர் ஊர். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாத பிறந்த வீடு அந்த அரை வரியில் இருந்தது. அந்த ஊரின் அம்மன் பெயரும் கொள்ளுப்பாட்டியின் பெயரும் ஒன்று.

இவ்வளவு சொன்ன பிறகு, பத்திரங்களில் இல்லாதவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நிலம் இருந்தவர்களின் வரலாறுதான் இதில் இருக்கிறது. அந்த நஞ்சையில் நாற்று நட்டவர்களின் பெயர் எந்த வரியிலும் இல்லை. அவர்களுடைய தெரு எல்லை விவரத்தில் 'தெற்கே சேரிப் பாதை' என்று மட்டும் வருகிறது. எழுதிக் கொடுப்பவரின் ஜாதியை அன்றைய பத்திரங்கள் தவறாமல் குறித்தன. மேல்நிலையில் இருந்தவருக்கு 'அவர்கள்' போட்ட அதே எழுத்தர், ஒடுக்கப்பட்டவர் பெயரை வெறுமனே எழுதி 'அவன்' என்றார். படிக்கும்போது கை கூசுகிறது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அப்படி ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலத்தின் பழைய பதிவேடுகளில் அவர்களுடைய முன்னோர் பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்களைத் தேடுகிறவர்களுக்கு அது குடும்ப வரலாறு மட்டும் அல்ல, பறிபோன நிலத்தின் மேல் உள்ள உரிமைக்கான சான்றும்கூட. அந்தத் தேடலுக்கு வருவாய்த்துறை தயங்காமல் கதவைத் திறக்கவேண்டும்.

பழைய எழுத்தைப் படிப்பது முதலில் கடினமாக இருக்கும். ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய். ௸ என்றால் மேற்படி, அதையே சிலர் 'ஷை' என்று எழுதுவார்கள். ஒற்றெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதும் எழுத்தர்களும் உண்டு. சத்தம் போட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும், ஏனென்றால் எழுத்தர்கள் ஒரே வாய்ப்பாட்டைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார்கள்.

பிறந்த ஊருக்குப் பெரியப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். தம்பி வழிப் பேரன் ஒருவர் அங்கே இருக்கிறார், எழுபது தாண்டியவர். பத்திர நகலை வாங்கி, தன் தாத்தாவின் கையெழுத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "எங்கள் வீட்டில் அவரை மடைச்செய் அத்தை என்றுதான் சொல்வார்கள். வருடா வருடம் இங்கிருந்து விதைநெல் போகுமாம்" என்றார். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸில், அந்தப் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

அவர்கள் வீட்டுப் பெட்டியிலிருந்த ஒரு பாகப்பிரிவினையில், 'எங்கள் சகோதரிக்குச் சீதனமாய்க் கொடுத்தது போக' என்று ஒரு வரி இருக்கிறது. அப்படியென்றால் கொள்ளுப்பாட்டியின் பெயரிலேயே ஒரு தான செட்டில்மென்ட் இருந்திருக்கலாம். 1910-க்கு முந்தையது என்றால் அது மதுரை ஜில்லாப் பதிவாக இருக்கவேண்டும். பெயர் அட்டவணையில் தேட மனு கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த ஊர் எந்த சப் டிஸ்டிரிக்டில், அதாவது எந்தச் சார்பதிவாளர் எல்லையில், இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள். பழைய கிராமப் பட்டியலைப் பார்க்க அடுத்த வாரம் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறேன்.